மூன்று பல் தகடு

அன்புள்ள சார்,
நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறேன். இங்கே பெட்ரோல் லிட்டரில், ரோட்டுப் பலகை மைலில். உருளைக்கிழங்கு கிலோ, ஆள் எடை ஸ்டோன், பீர் பைண்ட். 1965இல் மெட்ரிக்குக்கு மாறத் தொடங்கிய நாடு இன்னும் மாறி முடிக்கவில்லை. என்ன முட்டாள்தனம் இது? ஏழு வயது மகனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது?
ஆர்.

அன்புள்ள ஆர்,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் அப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அப்பா சர்வேயில் செயின்மேன், நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடிப்பவர். அடியில் ஒரு பித்தளைத் தகடு கிடந்தது. அதில் மூன்று பல். சங்கிலி முனையிலிருந்து 30ஆவது கண்ணியில் தொங்கியது அது. 20 என்றால் இரண்டு பல். எண்ண வேண்டாம், தடவினாலே போதும்.

ஸ்டோனும் பைண்டும் வெறும் பழக்கம், விடுங்கள். 14 பவுண்டு ஒரு ஸ்டோன் என்பதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. ஆனால் ‘முட்டாள்தனம்’ என்று எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது.

1620இல் லண்டனில் எட்மண்ட் கன்டர் என்ற வானியல் பேராசிரியர் 66 அடிச் சங்கிலியை நூறு கண்ணியாகப் பிரித்தார். பிரான்சில் மீட்டர் பிறக்கவே இன்னும் 170 வருஷத்துக்கு மேல் ஆகும். நீளத்தையும் அகலத்தையும் கண்ணியில் அளந்து பெருக்குங்கள், கடைசி ஐந்து இலக்கத்துக்கு முன்னால் புள்ளி வையுங்கள். ஏக்கர் வந்துவிட்டது! எட்டாவதோடு நின்றுபோன என் அப்பா வரப்பில் உட்கார்ந்து, பென்சில் எடுக்காமல் சொல்லுவார். பத்தின் கணக்கு என்றால் பிரெஞ்சுக்காரன் மட்டும்தான் என்று யார் உங்களுக்குச் சொன்னது?

ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். ஊரில் உங்கள் மனை எவ்வளவு என்று கேட்டால் சதுர மீட்டரிலா சொல்வீர்கள்? பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று அச்சடித்திருந்தாலும் பேச்சில் ‘அஞ்சு சென்ட்’தான். அப்புறம் வெள்ளைக்காரனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன வாய்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். அப்பா ஞாபகம், கொஞ்சம் சூடாகிவிட்டேன்.

சரி, பையன். பள்ளியில் மெட்ரிக்தான் கற்றுத்தருவார்கள், ஒரு பைண்ட் ஏறக்குறைய எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுவார்கள். அது போதும். நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஆட்டம் இல்லாத நாளில் பக்கத்துக் கிரிக்கெட் மைதானத்துக்கு அவனைக் கூட்டிப்போங்கள். இந்த ஸ்டம்பிலிருந்து அந்த ஸ்டம்புக்கு 22 கஜம், அதாவது அப்பாவின் சங்கிலி முழு நீளம். நடந்துகொண்டே எண்ணச் சொல்லுங்கள். அந்தச் சின்னக் காலுக்கு எப்படியும் முப்பதைத் தாண்டும்.