ஊசியும் புளியங்கொட்டையும்: கேள்வி பதில்

முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள பிள்ளைகளுக்கு இன்சுலின் போடக் கற்றுத்தரும் செவிலியர் நான். நோயை விளையாட்டு வழியாகப் புரியவைப்பது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

தென்காசி அம்மா: சிஸ்டர், மகளுக்கு 6 வயது. போன மாதம்தான் தெரிந்தது. தினம் நாலு ஊசி. "எனக்கு மட்டும் ஏன்?" என்கிறாள்.

அவள் மனதில் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு பொம்மை, ஊசியைக் கழற்றிய சிரிஞ்ச், கொஞ்சம் பஞ்சு கொடுத்து, "இதுக்கும் சர்க்கரையாம், நீதான் டாக்டர்" என்று விட்டுவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். எங்கள் வார்டில் ஒரு குட்டி, பொம்மையின் வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுவிட்டு, பத்து எண்ணி, "சாக்லேட் தின்னேல்ல? அதான்!" என்று அதட்டியது. பக்கத்தில் நின்ற அம்மா அழுதுவிட்டார். இந்த வயதில் நோயைத் தண்டனை என்று நினைப்பது சகஜம். இனிப்பு தின்றதால் இந்த நோய் வருவதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. யார் மேலும் தப்பில்லை. இதை அவளிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மதுரை, 9 வயதுப் பையனின் அப்பா: அவனுக்கு எவ்வளவு விளக்கலாம்?

நிறையவே விளக்கலாம். பல்லாங்குழியை எடுங்கள். குழிகள்தான் உடம்பின் செல்கள், புளியங்கொட்டை சர்க்கரை. நடுவில் ஒரு துண்டை விரித்தால் அது ரத்தம். சாப்பிட்டதும் துண்டில் 20 கொட்டை போடுங்கள். ஒரு சீட்டுக்கு ஐந்து கொட்டை குழிக்குள் போகலாம். சீட்டுதான் இன்சுலின். சீட்டே இல்லாவிட்டால் கொட்டையெல்லாம் துண்டிலேயே கிடக்கும். குளுக்கோமீட்டர் காட்டுவது அதைத்தான். சீட்டு நிறைய இருந்து சாப்பாடு குறைந்தால் துண்டு காலி. அதுதான் லோ, அதாவது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்துபோவது. ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் ஏன் ஓடக்கூடாது என்று அதற்கப்புறம் அவனே உங்களுக்குச் சொல்வான்.

பயாலஜி ஆசிரியர், திருச்சி: மூளை சர்க்கரையை எடுக்க இன்சுலின் தேவையில்லையே?

நல்ல கேள்வி சார். ஒரு குழியைச் சீட்டு கேட்காத குழியாக வைத்து, மூளை என்று பெயர் கொடுங்கள். துண்டு காலியானால் முதலில் திண்டாடுவது அந்தக் குழிதான். லோவில் பிள்ளை தலை சுற்றுகிறது என்பதும், காரணமில்லாமல் எரிந்து விழுவதும் அதனால்தான். மீட்டரில் 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஆட்டத்திலும் அதையே செய்யச் சொல்லுங்கள்.

சேலம்: நல்ல ஆப் எது மேடம்?

ஆப்பை விட ஆட்டத்தின் அமைப்பைப் பாருங்கள். 1990-களில் சூப்பர் நின்டென்டோ என்ற வீடியோ கேம் கருவியில் 'பாக்கி அண்ட் மார்லன்' என்று ஒன்று வந்தது. சர்க்கரை நோய் உள்ள இரண்டு யானைகள். சாப்பாடு, இன்சுலின் இரண்டையும் ஆடுகிற பிள்ளைதான் கவனிக்க வேண்டும். 8 முதல் 16 வயதுள்ள 59 பிள்ளைகளை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வில், அதை ஆடியவர்கள் அவசரமாக டாக்டரிடம் ஓடியது பெரிதும் குறைந்தது. முடிவெடுப்பது பிள்ளையாக இருந்தால் அது நல்ல ஆட்டம்.

கோவை அம்மா: மகனுக்கு 14 வயது, ரத்தப் புற்றுநோய். மாத்திரையை ஒளித்து வைக்கிறான்.

இதில் உங்கள் புற்றுநோய் டாக்டர் சொல்வதே முதல். ஒளித்த மாத்திரைகளைப் பற்றி இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். 'ரீ-மிஷன்' என்ற கம்ப்யூட்டர் ஆட்டத்தில் உடம்புக்குள் ஒரு குட்டி ரோபோ புற்றுசெல்களைச் சுடும். 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகளிடம் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆடியவர்கள் மற்றவர்களை விட மருந்தை ஒழுங்காக எடுத்தார்கள்.

ஈரோடு: சுடும் ஆட்டமா? தோற்றால் "நான் சரியாகச் சண்டை போடவில்லை" என்று நினைக்காதா?

சின்னப் பிள்ளை அப்படித்தான் நினைக்கும். எட்டு வயதுக்குச் சண்டைக் கதையே வேண்டாம் என்பேன்.

கோவை அம்மா: என் மகனுக்குச் சண்டை பிடிக்கும். யாரோ ஏன் தடுக்க வேண்டும்?

ஈரோடு: நோய் திரும்பி வந்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வீர்கள்?

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 14 வயதுப் பையன் ஆடட்டும். ஆனால் அங்கே சுடுவது மருந்து என்பதைச் சொல்லிவிடுங்கள். நோய் திரும்பினால் மருந்து போதவில்லை என்றுதான் அர்த்தம், அவன் தைரியம் போதவில்லை என்று அல்ல. மாத்திரையை விழுங்குவது மட்டும்தான் அவன் பொறுப்பு.

வேலூர் தாத்தா: பேத்திக்கு நோயின் பெயரையே சொல்லவில்லை. விளையாட்டு போதாதா?

போதாது ஐயா. ஆஸ்பத்திரியில் யாராவது சொல்லிக் காதில் விழும். வீட்டில், உங்கள் வாயால் கேட்கட்டும்.

நாமக்கல்: ஆப் பெயர் சொல்லுங்க ப்ளீஸ்.

சேலத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கடலூர்: இலவச ஆப் இருக்கா?

பல்லாங்குழி இலவசம்தான். ஆப் பற்றி இனி பதில் இல்லை.

தஞ்சை: ஆஸ்துமாவுக்கு?

அது என் துறை இல்லை. நுரையீரல் டாக்டரிடம் கேளுங்கள்.

விருதுநகர் அம்மா: "மிட்டாய் தின்னா ஊசி" என்று பயமுறுத்தினால்தான் அடங்குகிறான்.

தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஊசிதான் அவனை உயிரோடு வைத்திருக்கிறது. அதைத் தண்டனையாக்கினால் 15 வயதில் உங்களுக்குத் தெரியாமல் போடாமல் விடுவான். இன்று ராத்திரி ஊசிக்கு முன்னால் பொம்மையை அவன் கையில் கொடுங்கள். முதல் ஊசி அதற்கு.