சொல்லாமல் கொள்ளாமல் அணையும் கம்ப்யூட்டர்: கேள்வி-பதில்

கேள்வி: என் கம்ப்யூட்டர் அடிக்கடி ஹேங் ஆகிறது. என்ன செய்யலாம்?

எதைத் திறக்கும்போது, மவுஸ் நகர்கிறதா, எத்தனை வருட மெஷின், ராம் எவ்வளவு? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் நான் என்ன சொல்ல? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுத்து வையுங்கள்.

கேள்வி: கேம் ஆடத் தொடங்கிக் கால் மணி நேரத்தில் பட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே ஆன் செய்தால் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. அரை மணி கழித்துப் போட்டால் ஓடுகிறது.

சூடுதான். பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அப்புறமும் ஏறினால் அணைந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு சைடு மூடியைத் திறங்கள். பிராசசர் மேல் உட்கார்ந்து சூட்டை இழுக்கும் உலோகக் கட்டையான ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளியாகப் படிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது, ஃபேனைக் கழற்றினால்தான் தெரியும். பிரஷ்ஷால் எடுங்கள். புளோயர் அடிப்பதானால் ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க்கையும் கழற்றினால் அதற்கும் பிராசசருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவுக்குப் புதிது வையுங்கள். சும்மா இருக்கும்போதே 80 டிகிரி காட்டினால், ஹீட் சிங்க்கை போர்டில் பிடித்திருக்கும் நாலு பின்னில் ஒன்று சரியாக உட்காரவில்லையா என்று பாருங்கள்.

கேள்வி: புது கிராபிக்ஸ் கார்டு போட்டதிலிருந்து கேம் திறந்ததும் ரீஸ்டார்ட் ஆகிறது. கடையில் இரண்டு முறை ஃபார்மட் செய்தும் சரியாகவில்லை. பழைய போட்டோக்களும் போய்விட்டன.

இதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிகிறது. எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் ஃபார்மட் என்பது நம் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கமாகிவிட்டது, அதில் அவர்களுக்கு வேலை சுலபம், உங்களுக்குத்தான் குழந்தையின் போட்டோ போகிறது. லோடு ஏறும் அந்த நொடியில் கரண்ட் போன மாதிரி விழுகிறதென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கேபினட்டுக்குள் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டியை. கேபினட்டோடு சேர்ந்து வந்ததுதானே? அதன் பக்கவாட்டு லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும், கீழே 12 வோல்ட் வரிசையில் 16 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐயும் 16ஐயும் பெருக்கிப் பாருங்கள், 190 வாட் சொச்சம்தான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அந்த 12 வோல்ட்டைத்தான், கார்டுக்குப் போகும் 8 பின் கனெக்டர் ஒன்றுக்கே 150 வாட் வரை கணக்கு. ஆயிரக்கணக்கில் கொடுத்து கார்டு வாங்குகிறவர்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் காசு கொடுக்கத் தயங்குகிறார்கள், கடைக்காரரும் சொல்வதில்லை. நண்பரிடம் நல்லது ஒன்று இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள், பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழையதைத் திறந்து பார்க்கவே பார்க்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். போட்டோக்கள் இருந்த டிரைவில் இனி எதையும் எழுதாதீர்கள், ஹார்ட் டிஸ்க்காக இருந்தால் ஓரளவு மீட்க வழி உண்டு.

கேள்வி: விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்து வைக்கும் ஈவன்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று சிவப்பில் வருகிறது. வைரஸா?

இல்லை. ஒழுங்காக ஷட்டவுன் ஆகவில்லை என்று மட்டும் அது சொல்கிறது, காரணம் பெரும்பாலும் அதில் இருக்காது. அதற்கு முந்தைய வரிகளைப் பாருங்கள்.

கேள்வி: ஃபோல்டரைத் திறந்தால் ஒரு நிமிடம் அப்படியே நிற்கிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம். ஸ்கேன் டிஸ்க் போடலாமா?

போடாதீர்கள்! சாகப்போகும் ஹார்ட் டிஸ்க்கை அது இன்னும் ஓட்டி எடுத்துவிடும். முதலில் காப்பி. அதிலும் விலைக்கு வாங்க முடியாததை முதலில் எடுங்கள், சினிமாவெல்லாம் அப்புறம்.

கேள்வி: யு.பி.எஸ். இருந்தும் கரண்ட் போனதும் அணைந்துவிடுகிறது. வாங்கி நாலு வருடம் ஆகிறது.

பேட்டரி போயிருக்கும், 12 வோல்ட் 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு இரண்டு மூன்று வருடம்தான் ஆயுள். மாற்றுங்கள், லேசர் பிரின்டரை அதில் செருகியிருந்தால் எடுத்துவிடுங்கள்.