பழைய ரிவால்வர்: எதைப் பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது?

கே: காபித் தோட்டம் வைத்திருக்கிறோம். கைத்துப்பாக்கி உரிமம் கிடைத்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரர் தன் .32 ரிவால்வரை விற்கிறார். கையில் வாங்கியதும் எதைக் கவனிக்க வேண்டும்?
*வாசகர், நாகலூர், ஏற்காடு*

ப: உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் வைத்துப் பாருங்கள், வீட்டுத் திண்ணையில் வேண்டாம். முதல் வேலை, திறந்து, தோட்டா போடும் ஆறு அறையும் காலியா என்று பார்ப்பது. விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் பாருங்கள்.

நம் அரசு ஆயுதத் தொழிற்சாலையான ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் .32 பெரும்பாலும் நடுவில் மடிந்து திறக்கும் வகை, பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் வடிவம். இதில் முதலில் தேய்வது கீலும் மேல் கொக்கியும்தான். மூடிய பிறகு பேரலை (குண்டு வெளியேறும் குழலை) ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து லேசாக முறுக்குங்கள். ஆட்டமோ 'கடக்' சத்தமோ இருந்தால் விலை பேசவே வேண்டாம். சினிமாவில் காட்டுவது போல ஒரே உதறலில் படாரென்று மூடுபவர்களின் துப்பாக்கி இப்படித்தான் ஆகிறது.

அடுத்து, சிலிண்டர், அதாவது ஆறு அறைகளும் உள்ள உருளை, சரியாகச் சுழல்கிறதா? ஒரு விரலால் சிலிண்டரை லேசாகத் தடுத்தபடி ஹாமரை (பின்னால் உள்ள சுத்தியலை) கட்டைவிரலால் மெதுவாக இழுங்கள். ஹாமர் பின்னால் போய் நிற்கும்போது சிலிண்டரும் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும். விரலால் இன்னும் கொஞ்சம் திருப்பினால்தான் பூட்டுகிறது என்றால் அறையும் பேரலும் நேர்கோட்டில் இல்லை. சுட்டால் குண்டு பேரலின் விளிம்பில் உரசும், ஈயத் துணுக்கு பக்கவாட்டில் தெறிக்கும். ஆறு அறைக்கும் செய்யுங்கள். ஒன்று மட்டும் பிந்தினால் பல்சக்கரத்தில் அந்தப் பல் தேய்ந்திருக்கிறது. ஆறும் பிந்தினால் சிலிண்டரைத் தள்ளும் நெம்புத் துண்டு தேய்ந்திருக்கிறது, அது மாற்றக்கூடியது. பிறகு டிரிகரை மட்டும் மெதுவாக இழுத்தும் இதையே பாருங்கள். இப்படி டிரிகரே ஹாமரையும் தூக்கிவிடும் டபுள் ஆக்ஷனில்தான் பல பிழைகள் வெளிப்படும்.

சிலிண்டருக்கும் பேரலுக்கும் உள்ள இடைவெளியை அளக்க, பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகள்) போதும். ஹாமர் கீழே இருக்கட்டும். 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. 0.30 நுழைந்தால் விட்டுவிடுங்கள். சிலிண்டரைப் பின்னால் தள்ளி ஒரு முறை, முன்னால் தள்ளி ஒரு முறை அளங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்-பின் ஆட்டம். இது கூடினால் ஊசி தோட்டாவில் வலுவாகப் படாது, வெடிக்காமல் போகும்.

ஹாமரை இழுத்து நிறுத்தி, கட்டைவிரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு முன்னால் மெல்லத் தள்ளுங்கள். வழுக்கி விழுந்தால், அரத்தை வைத்து யாரோ டிரிகரை 'மென்மை'யாக்கியிருக்கிறார்கள். வாங்காதீர்கள்.

பேரலை வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் கறுத்த வளையம் தெரிந்தால், வெளிப்புறத்தில் விரலை ஓட்டுங்கள். மேடு தட்டினால் உள்ளே குண்டு அடைபட்டபோது இன்னொன்று சுடப்பட்டிருக்கிறது. அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கே: என்னிடம் கிட்டத்தட்ட புதியதன் விலையைச் சொல்கிறார்கள். நியாயமா?
*வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்*

ப: உள்நாட்டுத் தயாரிப்பு என்றால் நியாயமில்லை. தனிநபர் இறக்குமதி 1980களில் நின்றுபோனதால் வெளிநாட்டு முத்திரைக்குத் தனி மவுசு உண்டு. அங்கே நீங்கள் கொடுப்பது அருமைக்கான விலை, துப்பாக்கியின் வேலைக்கானதல்ல. ஆர்டினன்ஸ் தயாரிப்புக்கு, அதே வகையின் இன்றைய புதிய விலையை வரியோடு கடையில் கேட்டுக்கொண்டு கீழே இறங்குங்கள். 2014இல் வந்த 'நிர்பீக்' என்ற ஆர்டினன்ஸ் ரிவால்வர் அப்போதே சுமார் 1.22 லட்சம் ரூபாய். மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறினால் புதியதன் விலையில் மூன்றில் இரண்டு பங்கு, எங்கள் கணக்கில் அதுவே உச்சம். மேல்பூச்சு மங்கல், பிடியில் கீறல் இவற்றுக்குக் கொஞ்சம் குறைக்கலாம். தேய்ந்த பாகத்துக்குக் கைவேலைக் கூலியையும் சேர்த்துக் கழியுங்கள். புதுசுபோலப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். முத்திரை எழுத்துகள் மழுங்கி, திருகுத் தலைகள் கடிபட்டிருந்தால் மறுபூச்சு பூசியிருக்கிறார்கள்.

பேரத்தில் இன்னொரு பிடி உங்கள் கையில் இருக்கிறது. 2019 ஆயுதச் சட்டத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஒப்படைத்துவிட்டு விற்க நினைப்பவருக்கு அவசரம் இருக்கும், உங்களுக்கு இருக்காது. ஆனால் ஒப்படைத்த இடத்தில் எண்ணெய் படாமல் கிடந்திருந்தால் அறைகளில் துருப்பள்ளம் இருக்கும். அதைப் பார்த்த பிறகு தொகையைச் சொல்லுங்கள்.

கே: பணம் கொடுத்தால் கையோடு எடுத்து வரலாமா?
*வாசகர், செவ்வாய்ப்பேட்டை*

ப: கூடாது. தனிநபரிடமிருந்து வாங்குவதென்றால், விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பாளருக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாட்களாவது கழிந்திருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு அது. அதுவரை சிறு முன்பணத்தோடு நிறுத்துங்கள். உடல் பகுதியில் வெட்டிய எண்ணும் அவருடைய உரிமத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் சுரண்டப்பட்ட துப்பாக்கியை விற்பதே குற்றம், வைத்திருப்பவர்தான் சுரண்டினார் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தோட்டா வாங்கும்போது '.32' என்று மட்டும் கேட்காதீர்கள். தானியங்கிப் பிஸ்டலுக்கும் .32 உண்டு. அது ரிவால்வர் அறைக்குள் போய்விடும், ஆனால் அதற்கானதல்ல. ரிவால்வருக்கு .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங், அதாவது 7.65×23 மி.மீ. ஏற்காட்டுப் பனிக்காலத்தில் தோல் உறையிலேயே வைத்துவிடாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சும், ஒரே பருவத்தில் பேரலில் துருப்புள்ளி விழும். எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பூட்டி வையுங்கள்.