துணி டயப்பர்: வீட்டிலும் ரயிலிலும் எங்களுக்குச் சரிப்பட்டு வந்த விதம்

கேள்வி: எங்கள் குழந்தைக்கு 2 மாதம் ஆகிறது. துணி டயப்பர் பயன்படுத்தலாமா? தினமும் துவைத்துக் கட்டுப்படியாகுமா? தீபாவளிக்கு ரயிலில் ஊருக்குப் போக வேண்டும், அப்போது என்ன செய்வது?

பதில்:

வாங்குவதற்கு முன்னால் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டில் அதை யார் துவைக்கப் போகிறார்கள்? குழந்தைக்குக் கட்டிவிடுவது இரண்டு நிமிட வேலை. மிச்சமெல்லாம் அலசுவது, துவைப்பது, காயப்போடுவது, மடித்து வைப்பது. இவ்வளவும் பிள்ளை பெற்று உடம்பு தேறிக்கொண்டிருக்கும் அம்மாவின் தலையில்தான் விழும் என்றால் டிஸ்போசபிளே வாங்குங்கள், தப்பே இல்லை. எங்கள் வீட்டில் நான் துவைத்தேன். மகளுக்கு இப்போது மூன்று வயது. அவளுடைய நான்காம் மாதத்தில் ஆரம்பித்து, இரண்டேகால் வயதில் தானாகச் சொல்லிவிட்டு பாத்ரூம் போகப் பழகும் வரை, காலையில் என் முதல் வேலை டயப்பர் துவைப்பதுதான்.

பிரசவத்துக்கு மனைவி பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அங்கே முதல் மூன்று மாதமும் டயப்பர் என்ற பேச்சே இல்லை. மாமாவின் பழைய வேட்டிகளை அத்தை கிழித்து, ஓரம் அடித்து, நாற்பது லங்கோடாவது தைத்து வைத்திருந்தார். இடுப்பில் ஒரு நாடா, நடுவில் மடித்த துணி, அவ்வளவுதான். நனைந்தால் உடனே தெரியும், உடனே மாற்றிவிடுவார். "புள்ளைக்குக் காத்து படணும் மாப்ள. எந்நேரமும் இறுக்கிக் கட்டியே வச்சிருந்தா வெந்து போவும்லா?" என்பார். அத்தனையும் கைத் துவைப்பு. குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர், மொட்டை மாடி வெயில். துணியில் ஒரு வாடை கிடையாது. மகளுக்கு அந்த மூன்று மாதத்தில் ஒரு தடவை கூடத் தோல் சிவக்கவில்லை.

உங்கள் குழந்தைக்கு 2 மாதம்தான் என்பதால் சொல்கிறேன். பகலில் பக்கத்தில் ஆள் இருக்கிற வீட்டில் இந்த வேட்டித் துணியே போதும். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் ஆய் தண்ணீரில் கரைந்து போய்விடும். மஞ்சள் கறை மிஞ்சினால் ஈரத்தோடு வெயிலில் போடுங்கள், இரண்டு நாளில் மங்கிவிடும்.

கோவைக்கு வந்த பிறகு நிலைமை வேறு. அரை மணிக்கு ஒரு தடவை துணி மாற்ற அத்தை இல்லை. மெத்தை, மடி, பக்கத்து வீட்டு சோபா எல்லாம் நனைந்தது. அப்போதுதான் பாக்கெட் மாதிரி துணி டயப்பர் வாங்கினோம். வெளிப்பக்கம் தண்ணீர் கசியாத பூச்சு போட்ட துணி (கடைகளில் பியூஎல் என்பார்கள்), உள்பக்கம் மிருதுவான துணி, நடுவில் பை போன்ற இடைவெளி. அதற்குள் உறிஞ்சும் பேடைச் செருக வேண்டும். முன்னால் இருக்கும் பிரஸ் பட்டன் வரிசைகளை மாற்றிப் போட்டால் குழந்தை வளர வளர அளவும் பெரிதாகும். 12 டயப்பரும் கூடுதல் பேடும் சேர்த்து எங்களுக்குச் சுமார் 6,500 ரூபாய் ஆனது. டிஸ்போசபிள் ஒன்று 12 ரூபாய் என்று வைத்து, நாளைக்கு ஏழு போட்டால் மாதம் 2,500 ரூபாய். மூன்று மாதத்திலேயே போட்ட காசு திரும்பிவிட்டது.

காசை விட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. எங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் அக்கா ஒவ்வொரு பையையும் கையால்தான் பிரித்துப் பார்ப்பார். பயன்படுத்திய டயப்பரை நன்றாகச் சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. ஆனால் எத்தனை வீட்டில் செய்கிறார்கள்? என் பிள்ளையின் ஆயை அவர் கையில் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். டிஸ்போசபிள் போட்டால், தயவுசெய்து நியூஸ்பேப்பரில் சுற்றித் தனியாகக் கொடுங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலையில் டயப்பரைக் கழற்றினேன், கண் எரிந்தது. அப்படியொரு அமோனியா நெடி. மகளின் தொடை இடுக்கு சிவந்து கிடந்தது. துவைத்துக் காய்ந்திருக்கும்போது துணியில் ஒன்றும் தெரியாது, நனைந்ததும்தான் நெடி கிளம்பும். சரி, அழுக்குப் போகவில்லை என்று நினைத்து சோப்புத் தூளைக் கூட்டினேன். நெடி இன்னும் ஏறியது. துணி மிருதுவாக ஊற்றுவார்களே, அந்தக் கண்டிஷனரை ஊற்றிப் பார்த்தேன். பேட் உறிஞ்சுவதே குறைந்து, மூத்திரம் ஓரமாக வழிந்தது. பலரும் துணி டயப்பரை மூட்டை கட்டிப் பரணில் போடுவது இந்த இடத்தில்தான். நாங்களும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்துவிட்டோம்.

அத்தையிடம் போனில் சொன்னேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "எந்தத் தண்ணில அலசுதீய?"

காய்ந்து சுத்தமாக இருந்த ஒரு பேடை எடுத்து, ஒரு பேசின் சிறுவாணித் தண்ணீரில் (குடிக்கப் பிடிக்கும் நல்ல தண்ணீர்) போட்டுக் கசக்கினேன். சோப்பே போடவில்லை. ஆனாலும் வெள்ளையாக நுரை வந்தது, தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் அபார்ட்மெண்டில் துணி துவைக்க வருவது போர் தண்ணீர், கோவையில் உப்புத் தண்ணி என்போம். அதில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம். சோப்பு அதோடு சேர்ந்து பிசுக்காகி நூலுக்குள் படிந்துவிடுகிறது, அலசினாலும் போகாது. அந்தப் படிவில் மூத்திரமும் தங்கிவிடும். அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைக்கும்போது அமோனியா வருகிறது. நான் சோப்பைக் கூட்டக் கூட்டப் படிவும் கூடியிருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆற்றுத் தண்ணீர் என்பதால் இந்தப் பிரச்சினையே எழவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லா பேடையும் சூடான நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, நுரை வருவது நிற்கும் வரை அலசினேன். ஐந்து தடவை ஆனது. (பேடை மட்டும்தான். மேல் கவரைக் கொதிநீரில் போட்டால் பூச்சு உரிந்துவிடும்.) அதற்குப் பிறகு சோப்புத் தூளைப் பாதியாகக் குறைத்தேன். துவைப்பது போர் தண்ணீரில், கடைசி அலசல் மட்டும் ஒரு பக்கெட் சிறுவாணியில். நெடி போனது, திரும்பி வரவே இல்லை. உங்கள் வீட்டுத் தண்ணீரில் சோப்பு நுரைக்கத் திணறுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். திணறினால், கடைசி அலசலுக்கு லாரித் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு பக்கெட் ஒதுக்கிவிடுங்கள்.

தினசரி வேலை இவ்வளவுதான். கழற்றியதும் பேடை உருவிவிட்டு, ஆய் இருந்தால் டாய்லெட் ஸ்பிரேயால் அடித்துக் கழுவி, ஓட்டை உள்ள கூடையில் போடுவேன். மூடிய வாளியில் தண்ணீரில் ஊறவிடாதீர்கள், நாறிவிடும். காலையில் எல்லாவற்றையும் முதலில் வெறும் தண்ணீரில் ஒரு சுற்று, பிறகு சோப்போடு மெஷினில் ஒரு சுற்று. பேட் வெயிலில், கவர் நிழலில். கவரைப் பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது.

ஐப்பசி மழை வந்தபோது வேறு சிக்கல். பல அடுக்காகத் தைத்த பேட் இரண்டு நாள் ஆனாலும் நடுவில் ஈரமாகவே இருந்தது. அப்போது கை கொடுத்தது அத்தையின் வேட்டித் துணிதான். ஒரு முழ அகலத் துணியை நான்காக மடித்துக் கவருக்குள் வைத்தோம். விரித்துப் போட்டால் ஒற்றைத் துணி, ஃபேன் காற்றிலேயே ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அதிலிருந்து பகலில் வேட்டித் துணி, ராத்திரியில் இரண்டு பேட் என்று பழகிக்கொண்டோம். கடையில் விற்கும் மைக்ரோஃபைபர் பேட் என்றால் பைக்குள்தான் வைக்க வேண்டும். நேராகத் தோலில் பட்டால் தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சி வறட்சியாக்கிவிடும்.

தோல் விஷயத்தில் ஒரு வார்த்தை. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரே டயப்பர் வேண்டாம். ஆய் போனால் அந்த நிமிடமே மாற்றுங்கள். தேங்காய் எண்ணெயோ வெள்ளை க்ரீமோ தடவினால் துணிக்கு மேலே ஒரு லைனர் (மெல்லிய விரிப்பு) போடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் துணியில் ஏறி உறிஞ்சுவதைக் கெடுக்கும். பவுடர் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் குழந்தையின் மூச்சில் போகும். சிவப்பு மடிப்புக்குள் பரவி, சுற்றிலும் புள்ளி புள்ளியாக வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். தினமும் ஒரு மணி நேரம் எதுவும் கட்டாமல் பாயில் விடுங்கள். அத்தை சொன்ன காற்றுக்கு ஈடாக எந்த க்ரீமையும் நான் பார்க்கவில்லை.

"இவ்வளவு தண்ணீர் செலவழித்துத் துவைப்பதும் சுற்றுச்சூழலுக்குக் கேடுதானே" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 2008-இல் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை வெளியிட்ட ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை வருடத்தில் ஏற்படும் கார்பன் வெளியேற்றம் டிஸ்போசபிளில் சுமார் 550 கிலோ, துணியில் சுமார் 570 கிலோ, கிட்டத்தட்ட சமம். ஆனால் வெளியே கொடியில் காயப்போட்டு, மெஷின் நிறையத் துவைத்து, அதையே இரண்டாவது குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணியின் கணக்கு 40 சதவீதம் குறைகிறது. கொடி நம் ஊரில் எல்லா மாடியிலும் இருக்கிறது.

இனி பயணம். மகளுக்கு 9 மாதத்தில் மச்சினன் கல்யாணம். கோவையிலிருந்து நாகர்கோவில் போகும் ராத்திரி வண்டியில் திருநெல்வேலிக்குப் போனோம். நான்கு கவர், பத்து வேட்டித் துணி, ராத்திரிக்கு நான்கு பேட், ஒரு கட்டு லைனர், ஜிப் வைத்த கசியாத பை இரண்டு, ஒரு ரப்பர் ஷீட். இவ்வளவும் ஒரு தோள்பையில் அடங்கியது. அந்த நான்கு கவரில் இரண்டு, பாக்கெட் இல்லாத வகை. உள்பக்கமும் வழவழப்பாக இருப்பதால் மூத்திரம் மட்டும் போயிருந்தால் துடைத்துவிட்டு வேறு துணியை வைத்துத் திரும்பப் போடலாம். பயணத்துக்கு அதுதான் வசதி.

லோயர் பெர்த்தில் ரப்பர் ஷீட்டை விரித்து, ஈரோடு தாண்டியதும் ராத்திரி டயப்பரைப் போட்டுத் தூங்கவைத்தோம். மதுரையில் வண்டி நின்றபோது தொட்டுப் பார்த்தால் ஒரு தொடைப் பக்கம் ஈரம். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். உள்ளிருந்த துணியின் ஓரம் ஒரு விரல் அளவு எலாஸ்டிக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது திரி மாதிரி ஈரத்தை வெளியே இழுத்துவிட்டது. அதிலிருந்து, போட்டு முடித்ததும் இரண்டு தொடையையும் சுற்றி எலாஸ்டிக்குக்குள் விரலை ஓட்டிப் பார்ப்பேன். துணி ஓரம் தட்டுப்பட்டால் உள்ளே தள்ளிவிட்டு, எலாஸ்டிக் தொடை இடுக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். அதற்குப் பிறகு ராத்திரியில் கசிந்ததே இல்லை.

ரயில் டாய்லெட்டில் துணியை அலச முயற்சி செய்யாதீர்கள். இடமும் இல்லை, சுத்தமும் இல்லை. ஆயை லைனரோடு தூக்கிச் சுற்றித் தனிப் பையில் வைத்து, இறங்கிய பிறகு குப்பையில் போடுங்கள். ரயிலில் இருப்பது பயோ டாய்லெட், துணியோ லைனரோ உள்ளே விழுந்தால் அடைத்துக்கொள்ளும், அடுத்து வருகிறவர்களுக்குத்தான் கஷ்டம். அழுக்குத் துணியைப் பையில் போட்டு ஜிப்பை மூடினால் பக்கத்து பெர்த்துக்கு வாடை போகாது. ஆனால் ஒரு நாளுக்கு மேல் மூடியே வைக்க வேண்டாம். ஊருக்குப் போய் இறங்கியதும் முதல் வேலையாக வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போடுங்கள். திரும்பும்போது வண்டி ஏறும் முன் எல்லாவற்றையும் அலசிப் பிழிந்து வையுங்கள்.

கல்யாணத்தன்று காலையில் மட்டும் டிஸ்போசபிள் போட்டோம். மண்டபத்தில் மாற்ற இடம் கிடைக்காது என்று முன்பே தெரியும். பழநிக்கு மொட்டை போடப் பஸ்ஸில் போனபோதும் அப்படித்தான். உக்கடத்தில் ஏறினால் உடுமலையில் வண்டி நிற்கும் சில நிமிடம்தான், மடியில் வைத்து மாற்ற முடியாது. பையில் எப்போதும் நான்கு டிஸ்போசபிள் இருக்கும். அது இருந்ததால்தான் மற்ற நாளெல்லாம் பதற்றமில்லாமல் துணியைத் தொடர முடிந்தது.

நீங்கள் மொத்தமாக வாங்காதீர்கள். முதலில் இரண்டே இரண்டு வாங்கி, உங்கள் தண்ணீரில் துவைத்து, உங்கள் குழந்தையின் தொடைக்கு அந்த அளவு சரியாக இருக்கிறதா என்று இரண்டு வாரம் பாருங்கள். வாங்கியவுடன் கட்டவும் வேண்டாம். புதுப் பேடில் மூத்திரம் நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும். நான்கைந்து தடவை துவைத்துக் காயவைத்தால்தான் உறிஞ்ச ஆரம்பிக்கும். தீபாவளிப் பயணத்துக்கு என்றால் அந்தத் துவைப்பை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.