இடாப்பு

வணக்கம். காஸாவில் கூடாரத்துக்குள் வகுப்பு நடக்கும் படங்களைப் பார்த்தேன். நாங்கள் நாலைந்து பேர் வண்ணப் பென்சிலும் விளையாட்டுப் பொருட்களும் அனுப்பப் பணம் திரட்டுகிறோம். யாரிடம் கொடுப்பது? இணையவழியில் பாடம் எடுக்கலாமா? குண்டுச் சத்தத்தில் இருக்கும் குழந்தைகளிடம் பாடம், தேர்வு என்று நிற்பதே கொடுமையாகத் தோன்றுகிறது. முதலில் மனம் ஆற வேண்டாமா?
கீதா, கோவை

அன்புள்ள கீதா,

உங்கள் கடிதம் வந்த அன்று நானும் அந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். நல்ல மனது உங்களுக்கு. பணத்தை யுனிசெஃப் போல அங்கே ஏற்கெனவே வகுப்பு நடத்துகிறவர்களிடம் கொடுங்கள். இணைய வகுப்பை விடுங்கள், கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதே பெரும்பாடான இடம் அது. ஆனால் தேர்வு கொடுமை என்றீர்களே, அதைத்தான் என்னால் விட முடியவில்லை.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பாடம் வேண்டாம் என்று கோவையில் இருந்துகொண்டு முடிவு செய்ய நீங்கள் யார்? உங்கள் வீட்டுப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தால்கூடப் பத்தாம் வகுப்புத் தேர்வை விடச் சொல்வீர்களா?

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியிலிருந்து லட்சக்கணக்கான சனம் மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டிப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா அரிசி எடுத்துக்கொண்டார். எங்கள் வகுப்பு ரீச்சர் இடாப்பை எடுத்துக்கொண்டார். உங்கள் ஊரில் வருகைப் பதிவேடு என்பீர்கள்.

அப்புறம் வேறொரு பள்ளிக்கூடத்தில், அந்தப் பிள்ளைகள் வீட்டுக்குப் போனபிறகு, எங்கள் பள்ளிக்கூடம் தன் சொந்தப் பெயரிலேயே பின்னேரங்களில் நடந்தது. முதல் நாள் ரீச்சர் நாற்பத்திரண்டு பெயரையும் வாசித்தார். பதினேழு பேர் இருந்தோம். மற்றப் பெயர்களையும் தினமும் விடாமல் வாசித்தார். இரவில் எனக்குத் தூக்கமே இல்லாத காலம் அது. ஒருநாள் மார்ச்சில் தவணைப் பரீட்சை என்றார். மார்ச் மாதம் என்று ஒன்று வரும் என்பதே அன்றுதான் எனக்கு உறைத்தது.

1996இல் யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே இருக்கும் வன்னிக்குப் போனோம். ரீச்சர் இடாப்பைப் பார்த்து என் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கையெழுத்திட்ட ஒற்றைத் தாள் என்னிடம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். தங்கை படித்தது வேறு பள்ளிக்கூடம், அவளிடம் ஒரு தாளும் இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளையை நாலாம் வகுப்பில் இருத்தினார்கள். சின்னப் பிள்ளைகளோடு இருக்க வெட்கப்பட்டு அந்த வருடமே நின்றுவிட்டாள். என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி, கீதா.

வன்னியில் 2009 மே மாதம் போர் முடிந்தது. ஆகஸ்டில், இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் இருந்துகொண்டே பிள்ளைகள் உங்கள் ஊர்ப் பிளஸ் டூ மாதிரியான உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். காஸாவில் தவ்ஜிஹி என்பதும் அந்த மாதிரிப் பரீட்சைதான். 2024இல் அதை எழுத முடியாமல் போனவர்கள் சுமார் 39,000 பேர். 2025 ஜூலையில் ஒருவழியாக அதை இணையத்தில் நடத்தியபோது சுமார் 1,500 பேர் கூடாரத்திலும் சிக்னல் கிடைத்த தேநீர்க் கடையிலும் உட்கார்ந்து எழுதினார்கள். அவர்களிடம் போய் முதலில் மனம் ஆறட்டும் என்பீர்களா?

பரீட்சையும் சான்றிதழும் இல்லாமல் வெறும் வகுப்பு மட்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரோஹிங்கியாப் பிள்ளைகளைப் பாருங்கள். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு ரோஹிங்கியாக்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மியான்மரிலிருந்து தப்பி வங்கதேசம் வந்தார்கள். பிள்ளைகளுக்குக் கற்றல் மையங்கள் இருந்தன. ஆனால் வங்கதேசப் பாடத்திட்டத்துக்கு அனுமதி இல்லை, மியான்மர் பாடத்திட்டம் 2021 கடைசியில்தான் மெல்ல வரத் தொடங்கியது. பத்து வயதில் வந்த பிள்ளைக்கு அதற்குள் பதினாலு வயது. எந்த வகுப்பில் படிக்கிறாய் என்று கேட்டால் அது என்ன சொல்லும்?

சரி, பென்சிலும் அனுப்புங்கள், பிள்ளைகள் வரையட்டும். பணம் கொடுக்குமுன் அந்த அமைப்பிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறீர்களா? எந்த வகுப்பு முடித்தார்கள் என்று தாள் கொடுக்கிறீர்களா? அந்தத் தாளை எந்த அரசு ஏற்கும்? அவர்கள் சொல்லும் பதிலை எனக்கும் எழுதுங்கள்.