சிரசாசனமும் கண் அழுத்தமும்: உங்கள் கேள்விக்கு

பார்வை நரம்பை நலியச் செய்யும் கண் நோயான கிளாகோமாவுக்குச் சொட்டு மருந்து போடுகிறீர்கள், போன செக்கப்பில் அழுத்தம் 17தான், அதனால் தினமும் 5 நிமிடம் சிரசாசனம் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அந்த 17, நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கருவியில் வைத்திருந்தபோது எடுத்தது. மல்லாந்து படுத்தாலே சில புள்ளிகள் ஏறும். தலைகீழாக நின்றால் ஏறக்குறைய இரட்டிப்பு. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா செய்பவர்களிடமே அளந்து, 2006இல் இதை வெளியிட்டார்கள்.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் கடைசியில் சிரைகளில்தான் போய்ச் சேர வேண்டும். தலை கீழே போனால் சிரைகளில் அழுத்தம் கூடி, வடிகால் மந்தமாகும். விழித்திரைக்குப் பின்னாலுள்ள இரத்தக்குழாய்ப் படலமும் உப்பும். விண்வெளியின் எடையற்ற நிலையைத் தரையிலேயே ஆராய, கட்டிலின் தலைப்பக்கத்தை வெறும் 6 டிகிரி தாழ்த்தி ஆட்களை வாரக்கணக்கில் படுக்க வைப்பார்கள். அந்தச் சின்னச் சரிவுக்கே கண் அழுத்தம் கூடுவதைப் பார்த்திருக்கிறார்கள். சிரசாசனம் 90 டிகிரி!

"இறங்கியதும் சரியாகிவிடும்" என்கிறாராம் உங்கள் யோகா மாஸ்டர். அழுத்தம் சீக்கிரம் இறங்கிவிடும், அது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே நலிந்த பார்வை நரம்பு தினமும் அந்த அடியைத் தாங்க வேண்டுமே? அப்புறம், சர்வாங்காசனம், அதோமுக சுவானாசனம் இரண்டும் இதே கணக்குதான். தாடாசனம், வீரபத்ராசனம் மாதிரி தலை மேலே இருப்பவற்றைச் செய்யுங்கள்.

ஒருக்களித்துத் தூங்குபவரா? கீழ்ப்பக்கக் கண்ணில் அழுத்தம் கூடுதலாக இருக்கும். எந்தக் கண் மோசமோ அது தலையணையில் அழுந்தாமல் படுங்கள். சொட்டு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.