"அசல் எஞ்சின்" என்று எழுதிக் கொடுத்தாரா?

கேள்வி: மிச்சிகனில் வசிக்கிறேன். போன வருடம், குடும்பத்தோடு பழகிய ஒருவரிடமிருந்து 1969 செவர்லே கமாரோ இசட்/28 காரை 74,000 டாலருக்கு வாங்கினேன். "நம்பர் மேட்சிங், அசல் டிஇசட் 302 எஞ்சின்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்; அதாவது ஆலையில் காரோடு வந்த அதே எஞ்சின், எண்களும் பொருந்தும் என்று (டிஇசட் என்பது இசட்/28 எஞ்சினின் குறியீடு). பிளாக்கில் (எஞ்சினின் இரும்பு உடலில்) உள்ள எண் பிற்காலத்தில் அடித்தது என்று போன மாதம் மெக்கானிக் சொன்னார். அசல் எஞ்சின் இல்லையென்றால் 48,000தான் பெறும் என்கிறார் மதிப்பீட்டாளர். விற்றவரோ "ஆஸ் இஸ் (உள்ளது உள்ளபடி) என்று கையெழுத்துப் போட்டீர்களே" என்கிறார். எங்கள் வீட்டில் சாப்பிட்ட மனிதர்! பணம் தராவிட்டால் போலீசுக்குப் போவேன் என்று வாட்ஸப் எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பலாமா? அல்லது 1969 பிளாக் ஒன்றை வாங்கி, சரியான எண்ணை அடித்துவிடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். காரணம் பிறகு.

அவர் உங்கள் வீட்டில் சாப்பிட்டதும், நண்பர் என்று நம்பியதும் வழக்குக்கு உதவாது. கேள்வி ஒன்றுதான்: "அசல் டிஇசட் 302" என்ற வாசகம் எழுத்தில் எங்கே இருக்கிறது? விற்பனைப் பத்திரத்தில் இருந்தால் அது வெளிப்படையான உத்தரவாதம். "ஆஸ் இஸ்" என்ற சொல் அதை ரத்தாக்காது. விளம்பரத்தில் மட்டும் இருந்து, பத்திரத்தில் "இதுவே முழு ஒப்பந்தம்" என்ற வரியும் இருந்தால் உங்கள் நிலை பலவீனம். இன்றைக்கே அந்தக் காகிதத்தை எடுத்துப் பாருங்கள்.

எஞ்சின் ஏன் இவ்வளவு முக்கியம்? 1969 கமாரோவின் வின் எண் (காரின் அடையாள எண்) 12437 என்று தொடங்கினால் அது எட்டு சிலிண்டர் கூப்பே என்று மட்டுமே பொருள். இசட்/28 என்று அதில் எங்கும் இருக்காது. அந்த ஆண்டு 20,302 இசட்/28கள் வந்தன. அமெரிக்காவில் விற்றவற்றுக்கு, செவர்லேயைத் தயாரிக்கும் ஜிஎம்மிடம் தயாரிப்புப் பதிவேடு கிடைக்காது. கனடாவில் விற்றவற்றுக்குத்தான் உண்டு. ஆகவே சாட்சி பிளாக்கும் பழைய காகிதங்களும்தான்.

"மெக்கானிக் சொன்னார்" என்பது நீதிமன்றத்தில் நிற்காது. பிளாக்கின் முன்பக்கம், பயணி இருக்கைப் பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எண் அடித்துள்ள பட்டையை நிபுணர் ஒருவர் பக்கவாட்டு வெளிச்சத்தில் படமெடுக்கட்டும். ஆலையில் சீவிய மேற்பரப்பில் முன்பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் இருக்கும். பழைய எண்ணை அழிக்கப் பிறகு மில்லிங் இயந்திரத்தில் ஓட்டினால் அவை மறைந்து வட்டக்கோடுகள் தெரியும். (கோடுகளையே போலியாகப் போடுகிறவர்களும் உண்டு, கோடு இருப்பது மட்டும் சான்றாகாது.) பின்புற விளிம்பில் வார்ப்பு எண் 3970010 என்றால் வார்ப்புத் தேதியைக் கூர்ந்து பாருங்கள். அதில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான். இந்த வார்ப்பு எழுபதுகளின் இறுதிவரை வந்தது; "9" என்பது 1979 ஆகவும் இருக்கலாம். வார்ப்புத் தேதி, எஞ்சின் கோத்த தேதி, கார் கட்டிய காலம் மூன்றும் இந்த வரிசையில் வரவேண்டும். கியர்பாக்ஸில் அடித்துள்ள பகுதி வின் எண்ணின் எழுத்து வடிவையும் பிளாக்கில் உள்ளதோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.

இனி, கட்சிக்காரர்கள் வழுக்கி விழும் இடங்கள். கோபத்தில் எஞ்சினைப் பிரித்துப் போடுகிறார்கள். பொருளின் நிலை கணிசமாக மாறிவிட்டால், ஏற்றுக்கொண்டதை ரத்துசெய்து காரைத் திருப்பும் உரிமை போய்விடும். வித்தியாசத் தொகைக்கு மட்டுமே வழக்காடலாம். நிபுணர் அறிக்கை கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். குறையைச் சொல்லி விற்றவருக்கு நோட்டீஸ் மட்டும் இந்த வாரமே போகட்டும். குறை தெரிந்து சும்மா இருந்தால் அதுவே எதிர்வாதம்.

வாட்ஸப் விஷயம் இன்னும் மோசம். "பணம் தா, இல்லாவிட்டால் குற்றப் புகார்" என்று எழுதினால் மிச்சிகனில் அது மிரட்டிப் பணம் பறித்தல். 20 ஆண்டு வரை சிறை. ஏமாந்த நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள்.

எண் அடிப்பதும் அப்படியே. மற்றவரை ஏமாற்றும் நோக்கில் எஞ்சின் எண்ணை மாற்றுவது மிச்சிகனில் 4 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். "நான் சரியான எண்ணைத்தானே அடித்தேன்" என்பது அடுத்து வாங்குகிறவரிடம் எடுபடாது. எண் விவகாரத்தில் காரே பறிபோகலாம். இந்தியானாவில் வாங்கிய 1959 கார்வெட் ஒன்றை 2017இல் கன்சாஸ் போலீஸ் பறிமுதல் செய்தது. பழுதுபார்த்தபோது யாரோ வின் தகட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்ததுதான் காரணம். வாங்கியவர் மேல் தவறே இல்லை; ஆனாலும் அவர் காரைத் திரும்பப் பெற 2022இல் கன்சாஸ் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

வித்தியாசம் 26,000 டாலர். உங்கள் வக்கீல் செலவு உங்களுடையதே, நிபுணர் கட்டணம் தனி. அவர் காரை எடுத்துக்கொண்டு முழுப் பணம் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 15,000 தந்தாலும் சம்மதியுங்கள். ஆனால் விடுதலைப் பத்திரத்தில் (இனி வழக்கில்லை என்று நீங்கள் எழுதித் தருவது) "இதுபற்றி யாரிடமும் பேசமாட்டேன்" என்ற ஷரத்து இருந்தால் அதை நீக்கிவிடுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது எண் பிற்பாடு அடித்தது என்று சொல்லியாக வேண்டும். அதை மறைத்தால் அன்று பிரதிவாதி நீங்கள்.